கலவையில் பவுடர், சுவரில் தார்: நிலத்தடி அறைக்கு இது போதுமா?

தரைக்குக் கீழே ஓர் அறையோடு வீடு கட்டுகிறீர்கள், குழி தோண்டி முடிந்துவிட்டது, அடியில் மெல்லத் தண்ணீர் ஊறுகிறது. கான்ட்ராக்டர், "கலவையில் வாட்டர்ப்ரூஃபிங் பவுடர் போட்டுவிடுகிறோம், சுவருக்கு வெளியே ரெண்டு கோட் தார் அடித்துவிடுகிறோம், ஒரு சொட்டு வராது" என்கிறார். இது போதுமா, கான்கிரீட் போடுகிற அன்றைக்கு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. அதிலும் குழியில் ஏற்கெனவே தண்ணீர் தெரிகிறது என்றால் கண்டிப்பாகப் போதாது. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே போகும், ஏனென்றால் இந்த வேலையில் மண்ணுக்குள் போனதை மறுபடி தோண்டிச் சரிசெய்வது, கட்டும்போதே ஒழுங்காகச் செய்வதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

முதலில், தண்ணீர் எந்த வழியாக வருகிறது? ஒழுகுகிற நிலத்தடி அறைகளைப் போய்ப் பார்த்தால், நன்றாகப் போட்ட கான்கிரீட்டின் நடு உடம்பைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் வருவது அபூர்வம். தரையும் சுவரும் சேர்கிற மூலை, இன்றைக்குப் போட்ட கான்கிரீட்டும் நாளைக்குப் போட்டதும் சந்திக்கிற இணைப்பு, சிமென்ட் இல்லாமல் ஜல்லி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிற தேன்கூட்டுப் பொந்து, ஷட்டரிங்கை (கான்கிரீட் வார்க்க நிறுத்துகிற பலகை அச்சை) இறுக்கிப் பிடித்த டை ராடு என்ற கம்பி விட்டுப்போன ஓட்டை, குழாய் சுவரைக் கடக்கிற இடம், அப்புறம் விரிசல். பெரும்பாலும் இவ்வளவுதான். இவற்றில் எந்தப் பொந்தையும் இணைப்பையும் ஒரு பவுடர் போய் அடைத்துவிடாது. ஆகவே நீர்க்காப்பு என்பது கான்கிரீட் காய்ந்த பிறகு ஆரம்பிக்கிற வேலை இல்லை, கான்கிரீட் போடுகிற விதத்திலேயே பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது.

உங்களுக்கு இப்போதே முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஃப்ட்டுக்கு, அதாவது அறையின் அடியில் முழுதாகப் போடுகிற கான்கிரீட் அடித்தளத்துக்கு, அடியில் மெம்பிரேன் என்ற நீர்த்தடுப்புப் படலம் விரிப்பதா வேண்டாமா என்பது. சுவருக்கு வெளிப்பக்கம் என்ன ஒட்டுவது என்று பிறகுகூட யோசிக்கலாம், ராஃப்ட்டுக்கு அடியில் விரிக்க வேண்டியதைக் கான்கிரீட் போட்ட பிறகு யாராலும் விரிக்க முடியாது. சுவரில் மட்டும் ஒட்டிவிட்டு அடியைத் திறந்து விட்டால் தண்ணீர் கீழேயிருந்து மேலே வரும். நிலத்தடி நீர் ராஃப்ட் மட்டத்துக்கு மேலே நிற்கப்போகிறது என்றால் பி.சி.சி. (மண் மேல் முதலில் போடுகிற கம்பியில்லாத கான்கிரீட்) மேல் மெம்பிரேன் விரித்து, அதன் ஓரத்தைச் சுவருக்கு வரப்போகிற மெம்பிரேனோடு சேர்க்கிற மாதிரி வெளியே நீட்டி விட வேண்டும். பச்சைக் கான்கிரீட்டோடு தானே ஒட்டிக்கொள்கிற எச்.டி.பி.ஈ. என்ற கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டுகள் இதற்கென்றே வருகின்றன. அவை இருந்தால் ஓரிடத்தில் கிழிந்தாலும் தண்ணீர் ஷீட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே புகுந்து வெகுதூரம் ஓடாது, கசிவு எங்கே தெரிகிறதோ அதன் பக்கத்திலேயே ஓட்டையும் இருக்கும். சாதாரண தார் ஷீட்டில் அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. கம்பி கட்டுபவர்கள் அதன் மேல்தான் நடக்கப்போகிறார்கள், கம்பியை இழுக்கப்போகிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள். எந்த ஷீட்டாக இருந்தாலும் கம்பி வேலை முடிந்ததும், கான்கிரீட் லாரி வருவதற்கு முன், ஒருவர் முழுதாக நடந்து கிழிசல் பார்த்து ஒட்டுப்போட வேண்டும்.

சரி, குழி. ஊறுகிற தண்ணீரை ஒரு மூலையில் சின்னக் குழி வெட்டி அங்கே வழிந்து சேரும்படி செய்து பம்ப் வைத்து இறையுங்கள். அந்தச் சின்னக் குழி ராஃப்ட் வரும் இடத்துக்கு வெளியே இருப்பது நல்லது. சேறாகிப்போன மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கெட்டி மண் தெரிந்த பிறகே பி.சி.சி. போட வேண்டும், 75 முதல் 100 மி.மீ. கனம். தெரியாமல் அதிகமாகத் தோண்டிவிட்ட இடத்தில் மண்ணைப் போட்டுத் திமிசு போடுகிற வழக்கம் இருக்கிறது, அதை அனுமதிக்காதீர்கள், அங்கே பி.சி.சி. கலவையையே நிரப்பச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கெட்டியும் ஒரு பக்கம் இளக்கமுமாக இருந்தால் அஸ்திவாரம் சமமில்லாமல் இறங்கும், இறங்கினால் விரிசல், விரிசல் வந்தால் நீங்கள் ஒட்டிய மெம்பிரேனுக்கும் சோதனை.

பம்ப்பை எப்போது நிறுத்துவது என்பதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ராஃப்ட் இறுகிவிட்டது, இனிமேல் என்ன என்று நிறுத்திவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ராஃப்ட்டின் அடிமட்டத்துக்கு மேல் 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறினால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் அது 2 டன் விசையோடு மேலே தள்ளும். 300 மி.மீ. கனமுள்ள ராஃப்ட் ஒரு சதுர மீட்டருக்கு முக்கால் டன்தான் எடை. மேலே சுவரும் தளமும் வந்து எடை சேரும் வரை அது மிதக்கப் பார்க்கும், தூக்கும், வெடிக்கும். எந்தக் கட்டத்தில் பம்ப்பை நிறுத்தலாம் என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டு எழுத்தில் தர வேண்டும். கரண்ட் போனால் ஓட்ட ஒரு ஜெனரேட்டரும் இருக்கட்டும்.

அப்புறம் கலவை. இங்கேதான் நான் பிடிவாதமாக இருப்பேன். சிமென்ட் இறுகுவதற்குத் தன் எடையில் சுமார் 40 சதவீதம் தண்ணீர் இருந்தால் போதும், அதாவது 50 கிலோ மூட்டைக்கு 20 லிட்டர். அதற்கு மேல் விடுகிற தண்ணீர் கலவையை இளக்குவதற்காக மட்டுமே, பின்னால் அது இருந்த இடமெல்லாம் மயிரிழையைவிட மெல்லிய குழாய்களாக நிற்கும். சிமென்ட் இறுக இறுக இந்த நுண்குழாய்கள் அடைபட்டு ஒன்றோடொன்று தொடர்பு அறுந்துபோகும், அப்போதுதான் கான்கிரீட் தண்ணீர் விடாத பொருளாகிறது. இதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று பவர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1959-இல் ஒரு கணக்குத் தந்தார்கள். ஈரம் காயாமல் வைத்திருந்தால், நீர்-சிமென்ட் விகிதம் (தண்ணீர் எடையைச் சிமென்ட் எடையால் வகுத்தது) 0.45 என்றால் சுமார் 7 நாள், 0.5 என்றால் 14 நாள், 0.6 என்றால் ஆறு மாதம், 0.7 என்றால் ஒரு வருடம். 0.7-ஐத் தாண்டிவிட்டால் எத்தனை காலம் ஆனாலும் அந்தக் குழாய்கள் அறுபடுவதே இல்லை. ஒரு மூட்டைக்கு 22 லிட்டர் விடுவதற்கும் 35 லிட்டர் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான், எந்தப் பவுடரும் இதை ஈடுகட்டாது.

மணலில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் ஏறக்குறைய 700 கிலோ மணல் போகும், மழையில் நனைந்து அதில் 5 சதவீதம் ஈரம் இருந்தால் யாரும் ஊற்றாமலேயே 35 லிட்டர் உள்ளே வந்துவிட்டது. ரெடிமிக்ஸ் வாங்கினால் ஆலையில் இதைக் கழித்துக்கொள்வார்கள், ஆனால் சைட்டில் லாரி டிரைவரிடம் "கொஞ்சம் தண்ணி விடுங்க, தள்ளவே வரல" என்று ஒருவர் சொல்வார் பாருங்கள், அவரைத் தடுக்க ஓர் ஆள் நிற்க வேண்டும். கன மீட்டருக்கு 5 லிட்டர் கூடுதலாக விட்டாலே வலிமையில் சுமார் 1 மெகாபாஸ்கல் போகும், தண்ணீர் புகும் தன்மை அதைவிட வேகமாகக் கெடும். இளக்கம் போதவில்லை என்றால் சூப்பர்பிளாஸ்டிசைசர் என்ற இளக்கும் ரசாயனத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள், 0.45-க்கு மேல் போகாமலே நன்றாக ஓடுகிற கலவை கிடைக்கும். ஃபிளை ஆஷோ (அனல் மின் நிலையச் சாம்பல்) ஸ்லாகோ (இரும்பு உலைக் கசடு) கலந்த சிமென்ட் மண்ணுக்கடியில் நல்ல தேர்வு, சூடு குறைவு, நுண்துளை குறைவு, மண்ணில் சல்பேட் இருந்தால் தாங்கும் சக்தியும் கூடும். ஆனால் அதற்கு ஈரம் அதிக நாள் வேண்டும்.

கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற சின்னக் கட்டை) சரியான கனத்தில் இருக்கிறதா பாருங்கள். பி.சி.சி. மேல் என்றால் 50 மி.மீ., மண்ணை ஒட்டி நேராகக் கான்கிரீட் விழுகிற பக்கத்தில் 75 மி.மீ. என்பது பொதுவாகப் பின்பற்றுகிற அளவு. உடைந்த செங்கல் துண்டை வைத்துக் கம்பியைத் தூக்கி நிறுத்துவதைப் பார்த்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். செங்கல் தண்ணீரை உறிஞ்சி நேராகக் கம்பிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும், கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு பழைய இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக இடம் கேட்கும், அதுவே கான்கிரீட்டைப் பிளக்கும்.

போடும்போது கான்கிரீட்டை ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து கொட்டவிடாதீர்கள், ஜல்லி முதலில் கீழே போய்ச் சாந்து பிரிந்துவிடும். ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டி வைப்ரேட்டரால் தள்ளிப் பரப்புவதும் அதே கெடுதல்தான். 300 முதல் 450 மி.மீ. வரை அடுக்கடுக்காகப் போட்டு, வைப்ரேட்டர் ஊசியைச் செங்குத்தாக விட்டு, அது முந்தைய அடுக்குக்குள்ளும் 100 மி.மீ. அளவு இறங்கும்படி பிடித்து, மேலே காற்றுக் குமிழி வருவது நின்று பரப்பு லேசாகப் பளபளக்கும் வரை, பொதுவாக 5 முதல் 15 விநாடி, வைத்துவிட்டு மெதுவாக உருவ வேண்டும். வெடுக்கென்று பிடுங்கினால் ஊசி இருந்த இடம் ஓட்டையாகவே நிற்கும். அடுத்த இடம் ஒன்றரை அடிக்குள். இரண்டாவது வைப்ரேட்டர் ஒன்று ஓடுகிற நிலையில் சைட்டில் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம், பாதியில் ஒன்று நின்றுபோனால் போட்ட அடுக்கு இறுகத் தொடங்கிவிடும், அதன் மேல் போடுவது ஒட்டாது, யாரும் திட்டமிடாத ஓர் இணைப்பு சுவரின் குறுக்கே ஓடும்.

இனி அந்த மூலை, ராஃப்ட்டும் சுவரும் சேர்கிற இடம். ஒழுகல் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ராஃப்ட் போடும்போதே சுவர் வருகிற இடத்தில் 100 முதல் 150 மி.மீ. உயரத்துக்கு ஒரு கிக்கர், அதாவது சுவரின் அடித்துண்டு, சேர்த்துப் போடச் சொல்லுங்கள், ராஃப்ட்டோடு ஒரே வீச்சில், மறுநாள் இல்லை. அப்போது இணைப்பு தரை மட்டத்திலிருந்து மேலேறிவிடும், சுவர் ஷட்டரிங்கும் இறுக்கமாக உட்காரும். போட்ட கான்கிரீட்டின் மேல் வெளுப்பாக ஒரு சிமென்ட் பால் ஏடு படியும், நகத்தால் சுரண்டினால் வரும். அதன் மேல் அப்படியே சுவர் போட்டால் அந்த ஏடுதான் தண்ணீருக்கு வழி. கான்கிரீட் லேசாக இறுகியதும், சில மணி நேரத்துக்குள், தண்ணீரும் கம்பி பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தால் ஏடு போய் ஜல்லியின் தலை தெரியும். அந்த நேரம் தவறிவிட்டால் பிறகு கொத்தித்தான் விட வேண்டும்.

இந்த இணைப்பில் வாட்டர்ஸ்டாப் என்ற நீர்த்தடுப்புப் பட்டை அவசியம். பி.வி.சி. பட்டை என்றால் பாதி கிக்கரிலும் பாதி சுவரிலுமாக நடுவில் நிமிர்ந்து நிற்க வேண்டும். கிக்கர் போடும்போது கொட்டுகிற வேகத்தில் அது ஒருபக்கம் சாய்ந்து படுத்துக்கொள்ளும், யாரும் கவனிக்காமல் அப்படியே கான்கிரீட் மூடிவிடும். படுத்த பட்டைக்கு அடியில் காற்று தங்கிப் பொந்தாகிவிடும், அந்த இடத்தில் பட்டை இருப்பதும் இல்லாததும் ஒன்று. ஆகவே அதன் ஓர விளிம்பில் கம்பியால் இருபக்கமும் இழுத்துக் கட்டி நிறுத்தச் சொல்லுங்கள், நடுவில் ஆணி அடிக்கக் கூடாது. நீளம் போதாமல் இரண்டு பட்டையைச் சேர்க்கிற இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துக் கட்டுவது செல்லாது, சூடான தகடு வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். தண்ணீர் பட்டால் வீங்குகிற பட்டையைப் பயன்படுத்துவதானால், சுவரின் நடுவில், இரண்டு பக்கமும் குறைந்தது 75 மி.மீ. கான்கிரீட் இருக்கிற மாதிரி, சுத்தமான பரப்பில் ஒட்ட வேண்டும். ஓரத்தில் வைத்தால் வீங்கும்போது கான்கிரீட்டையே உடைத்துவிடும், கான்கிரீட் போடுவதற்கு முன்பே மழையில் நனைந்து வீங்கிவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

சுவர் ஷட்டரிங்கின் அடியில் ஓரிடத்தில் ஒரு சின்னப் பலகையைக் கழற்றுகிற மாதிரி வையுங்கள். கட்டுக்கம்பித் துண்டு, மரத்தூள், காய்ந்த இலை எல்லாம் உள்ளே விழுந்து சரியாக அந்த இணைப்பின் மேல்தான் போய்க் கிடக்கும். காற்றோ தண்ணீரோ அடித்துத் துவாரம் வழியாக வெளியே தள்ளிவிட்டுப் பலகையை மூடலாம். டை ராடு ஓட்டைகளைப் பற்றி: உள்ளே பி.வி.சி. குழாய் விட்டு ராடு போடுகிறார்கள் என்றால் ஒவ்வொரு ஓட்டையும் வெளியிலிருந்து உள்ளே வரை திறந்த வழி. நடுவில் நீர்த்தடுப்பு வளையம் உள்ள டை கிடைக்கிறது, அதையே கேளுங்கள். இல்லையென்றால் குழாயை எடுத்துவிட்டுச் சுருங்காத கிரவுட் என்ற நிரப்புச் சாந்தை முழு நீளத்துக்கும் நிரப்ப வேண்டும், வாயில் மட்டும் சாந்தை அப்பிவிட்டுப் போவது வேலையே இல்லை. சுவரைக் கடக்கிற குழாய்களை முன்கூட்டியே படில் ஃபிளேஞ்ச் (குழாயைச் சுற்றி நிற்கிற நீர்த்தடுப்புத் தட்டு) வைத்துக் கான்கிரீட்டோடு பதித்துவிடுங்கள், பிறகு டிரில் போட்டுத் துளைப்பது வேண்டாம்.

ஷட்டரிங்கைப் பிரித்ததும் காயவிடாமல் ஈரச்சாக்கு கட்டி, சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், ஃபிளை ஆஷ் அல்லது ஸ்லாக் கலந்ததற்கு 10 நாளுக்குக் குறையாமல் நனைக்க வேண்டும். நீளமான சுவரில் செங்குத்தாக மெல்லிய விரிசல் வருவது சகஜம். அது 0.2 மி.மீ.-க்குள் அடங்கும்படி கம்பி கணக்கிடுவது இன்ஜினியர் வேலை, மிக மெல்லியவை தண்ணீர் பட்டுச் சுண்ணாம்பு படிந்து தானே அடைபடுவதும் உண்டு.

இப்போது தாருக்கு வருவோம். தார் பூச்சு ஓதம் ஏறாமல் தடுக்கும், அதாவது மண்ணின் ஈரப்பதத்தை. அழுத்தத்தோடு நிற்கிற தண்ணீரை அது தடுக்காது, அடியில் ஒரு மெல்லிய விரிசல் விட்டால் பூச்சும் கூடவே விரியும். 3 மீட்டர் ஆழத்தில் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் சுமார் 3 டன் அழுத்தம். அதற்கு விரிசல் மேல் நீண்டு கொடுக்கிற மெம்பிரேன் வேண்டும்: தானே ஒட்டும் ரப்பர் கலந்த தார் ஷீட், நெருப்புக் காட்டி ஒட்டும் 3, 4 மி.மீ. ஷீட், அல்லது பாலியூரித்தேன் மாதிரித் திரவமாகப் பூசுவது. எதுவானாலும் வெளிப்பக்கம், ஏனென்றால் வெளியே இருந்தால் தண்ணீரே அதைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும், உள்ளே இருந்தால் உரித்துத் தள்ளும்.

பவுடரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பவுடர் என்று விற்பதில் பல ரகம். கிரிஸ்டலைன் வகை, கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்போடும் தண்ணீரோடும் சேர்ந்து படிகமாக வளர்ந்து நுண்துளைகளையும் மெல்லிய விரிசல்களையும் அடைக்கும், நல்ல பொருள், உள்பக்கம் பூசினாலும் வேலை செய்கிற சிலவற்றில் ஒன்று. கலவையில் சேர்க்கட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கூடுதல் பாதுகாப்பாக வையுங்கள். பிரிட்டிஷ் தரநிலையான பி.எஸ். 8102, நிலத்தடிக் கட்டுமானக் காப்பை மூன்றாகப் பிரிக்கிறது: வெளியே தடுப்பு ஒட்டுவது, கான்கிரீட்டே தண்ணீரைத் தடுக்கும்படி கட்டுவது, வருகிற தண்ணீரை உள்ளே ஒரு வழியில் பிடித்து வெளியேற்றுவது. தண்ணீர் மட்டம் உயர்ந்த இடத்தில் ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டைச் சேர்த்துக்கொள்வதுதான் என் கருத்து. உங்கள் இடத்துக்கு முதலிரண்டும், கூடவே வெளியே ஒரு வடிகாலும்.

மெம்பிரேன் ஒட்டுவதற்கு முன் தேன்கூடுகளைக் கெட்டி கான்கிரீட் வரும்வரை கொத்தி எடுத்து அடைக்க வேண்டும். சுவரைத் தாண்டி வெளியே நீள்கிற ராஃப்ட்டும் சுவரும் சேர்கிற மூலையில் 50 மி.மீ. சரிவாகச் சாந்து வைத்து மழுக்க வேண்டும், கூர்மையான மூலையில் மடிக்கிற ஷீட் அங்கேதான் முதலில் கிழியும். பரப்பு காய்ந்து, தூசி போய், பிரைமர் அடித்த பிறகே ஷீட். பக்கவாட்டில் 100 மி.மீ., முனைகளில் 150 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், மேல் விளிம்பு தரை மட்டத்துக்கு மேலே வந்து முடிய வேண்டும். ஒட்டி முடித்த அன்றே பாதுகாப்புப் பலகை நிறுத்திவிடுங்கள். எத்தனையோ நல்ல மெம்பிரேன் வேலை, மண் நிரப்புகிற அன்று ஒரு கல்லில் கிழிந்து போகிறது.

மண் நிரப்புவதை மேல்தளம் போட்டு இறுகும் முன் செய்யாதீர்கள், மேலே பிடிப்பில்லாத சுவரை மண் உள்ளே தள்ளி விரிசல் விடவைக்கும். கட்டட உடைசல் இல்லாத மண்ணாக, 200 முதல் 300 மி.மீ. அடுக்குகளாக இறுக்க வேண்டும். சுவரை ஒட்டி அடியில் துளையுள்ள 100 மி.மீ. குழாய், உள்தரை மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி, துளைகள் கீழ்நோக்கி, சுற்றிலும் ஜல்லி, அதைச் சுற்றி, மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடுகிற ஜியோடெக்ஸ்டைல் துணி. துளையை மேல்நோக்கி வைத்தால் தண்ணீர் குழாய் உயரத்துக்கு ஏறிய பிறகுதான் உள்ளேயே புகும். இந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கேளுங்கள். தாழ்வான வடிகால் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் ஒரு தொட்டியும் தானியங்கிப் பம்ப்பும் வேண்டும், முடிவிடம் இல்லாத குழாய் தண்ணீரைச் சுவரோரம் சேர்த்துத்தான் வைக்கும். மேலே தரை, வீட்டைவிட்டு விலகி 3 மீட்டருக்கு 150 மி.மீ. சரியட்டும், மொட்டைமாடித் தண்ணீர் குழாயைச் சுவரோரம் விடவே வேண்டாம்.

கடைசியாக, உள்சுவருக்கு உடனே பூச்சு பூசிவிடாதீர்கள். இன்ஜினியர் சம்மதித்துப் பம்ப்பை நிறுத்திய பிறகு, முடிந்தால் ஒரு மழைக்காலம் முழுக்க, சுவரை வெறும் கான்கிரீட்டாகவே விட்டுப் பாருங்கள். கசிந்தால் எந்த இடம் என்று நேராகத் தெரியும், அந்த இடத்தில் டிரில் போட்டு, நிப்பிள் என்ற சின்னக் குழல் வைத்து, அடைக்கிற திரவத்தை ஊசி போடுவதுபோல் உள்ளே செலுத்தலாம். தண்ணீர் வந்துகொண்டிருக்கிற விரிசலுக்குப் பாலியூரித்தேன், அது ஈரத்தில் நுரைத்து அடைக்கும். காய்ந்த, அசையாத, வலிமைக்காகச் சேர்க்க வேண்டிய விரிசலுக்கு எபாக்சி. பூச்சு பூசிய பிறகு கசிந்தால் தண்ணீர் பூச்சுக்குப் பின்னால் எங்கெங்கோ ஓடி நுழைந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் வெளியே வரும், அப்போது சுவர் முழுவதையும் தட்டித்தான் தேட வேண்டியிருக்கும்.